கடல் என்றால் மேடு, வெளிச்சம் என்றால் வீடு: அணுகுண்டுப் பயத்துக்கு ஒரு திருகோணமலை வழிகாட்டி

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நாலு நாள் மோதிக்கொண்டபோது என் தங்கச்சியின் மகள் இரவில் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. யாரோ போனில் அனுப்பிய வரைபடம் ஒன்றில் திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. விறாந்தையில் என் பக்கத்தில் வந்து இருந்து, "மாமா, குண்டு விழுந்தா நாங்கள் எங்க ஓடுறது?" என்று கேட்டாள்.

அந்த 'ஓடுறது' என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. ஓடித் தப்பிய ஊர் இது. ஷெல் வந்தபோது ஓடினோம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது ஓடினோம். 2012 ஏப்ரல் 11 சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபோது, அலை வராவிட்டாலும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். ஓட வேண்டும் என்பது எங்கள் காலுக்கே தெரியும். ஆனால் அணுகுண்டு விஷயத்தில் அந்தக் கால்தான் ஆளைக் கொல்லும். உள்ளே போய், உள்ளேயே இருக்கப் பழக வேண்டும். இந்த விஷயத்தை இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பயத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஒன்பது நாடுகளிடம் 12,000க்கு மேற்பட்ட அணுகுண்டுகள் இருக்கின்றன. இலங்கையிடம் ஒன்றும் இல்லை. அதற்காக எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரித்தானியக் கடற்படை இங்கே நின்ற ஒரே காரணத்துக்காக 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்தது. ஆழமான துறைமுகம் இருக்கும் வரை பெரிய நாடுகளின் கண் இங்கே இருக்கும்.

சரி, எதற்குப் பயப்படுகிறோம்? இங்கேயே குண்டு விழுவது ஒன்று. வேறெங்கோ விழுந்த குண்டின் கதிர்வீச்சுத் தூசி காற்றில் வருவது இன்னொன்று. தூரத்துச் சண்டையால் கப்பல் வராமல், மழை பிழைத்து, சோறு இல்லாமல் போவது மூன்றாவது. என் கணிப்பில் நடக்கக்கூடிய வாய்ப்பு இந்த வரிசைக்கு நேர் எதிராக இருக்கிறது. பசிதான் முதலில் வரும். ஆனால் எல்லாரும் கேட்பது குண்டைப் பற்றித்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குண்டு விழுந்த இடத்துக்கு நேர்கீழே இருப்பவருக்கு எந்த வழிகாட்டியும் உதவாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஆனாலும் 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமாவில், குண்டு வெடித்த இடத்துக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து வெறும் 170 மீற்றர் தூரத்தில், எய்ஸோ நொமுரா என்ற ஊழியர் ஏதோ ஒரு கடதாசி எடுப்பதற்காக கொங்கிறீற் கட்டடத்தின் நிலவறைக்குள் இறங்கியிருந்தார். அவர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

வெளிச்சம் கண்டவுடன்

முதலில் வருவது வெளிச்சம். சத்தம் பிறகுதான் வரும். வெளிச்சத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பார்ப்போமே, அதே கணக்குத்தான்: மூன்று செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். உவர்மலையில் நிற்கும்போது பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் வெடித்தால், அதிர்ச்சி அலை வந்து சேர அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் மனிதர்கள் செய்கிற பிழை, "என்ன அது?" என்று யன்னலடிக்குப் போவது. கண்ணாடி உடைந்து முகத்தில் அடிப்பது அப்போதுதான். நிற்கிற இடத்திலேயே, சுவர் அல்லது மதில் மறைவில் குப்புறப் படுத்து, முகத்தையும் கைகளையும் மறைத்துக்கொள்ளுங்கள். அலை கடந்து போகும் வரை எழும்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கிடைக்கும். வெடித்த இடத்திலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி இருந்தால், தூசி இறங்கத் தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது இருக்கும். நல்ல கட்டடம் ஒன்றுக்குள் போக அந்த நேரம் போதும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்டி வீதியால் ஊரை விட்டுப் போகப் போதாது. தெருவில் வாகன நெரிசலில் நிற்கும்போது தூசி தலையில் இறங்கும்.

இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க மருமகளுக்கு ஒரு வரி சொல்லிக் கொடுத்தேன்: கடல் என்றால் மேடு, வெளிச்சம் என்றால் வீடு. கரையோரக் கோபுரத்தில் சுனாமிச் சங்கு ஊதினால் முன்பு போலவே மேட்டுக்கு ஓட வேண்டும். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

எந்த அறை?

இதை இன்றைக்கே முடிவு செய்யலாம், காசும் செலவில்லை. தூசி கூரையிலும் முற்றத்திலும் படியும். அதிலிருந்து கதிர் வரும். உங்களுக்கும் தூசிக்கும் இடையில் எவ்வளவு பாரமான பொருள் இருக்கிறதோ, எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவு பாதுகாப்பு. ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் கொங்கிறீற் அல்லது 9 சென்ரிமீற்றர் இறுகிய மண் கதிரைப் பாதியாக்கும். இன்னொரு 9 சென்ரிமீற்றர் அதையும் பாதியாக்கும். ஒரு சாண் மண் இருந்தாலே ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும்.

ஓட்டு வீடும் தகர வீடும் மழைக்குத்தான் உதவும், இதற்குப் போதாது. அன்புவழிபுரத்திலோ லிங்கநகரிலோ உங்கள் ஒழுங்கையில் இரண்டு மாடி கொங்கிறீற் வீடு ஒன்று இருக்குமே, அந்த வீட்டின் கீழ்த்தளத்தில், வெளிச்சுவர் தொடாத நடு அறை அல்லது மாடிப்படிக்குக் கீழுள்ள இடம் நல்லது. அந்த வீட்டுக்காரரோடு இப்போதே பேசி வையுங்கள். "அக்கா, அப்படி ஏதும் நடந்தால் நாங்கள் ஐந்து பேர் வருவோம், எங்கள் தண்ணியும் அரிசியும் கொண்டு வருவோம்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெள்ளத்துக்கு இப்படித்தானே ஒருவர் வீட்டில் ஒருவர் இருந்தோம்.

வேறு வழியே இல்லாவிட்டால், உங்கள் வீட்டின் நடு அறையில் சுவரோரமாக நெல் மூட்டை, மண் நிரப்பிய உரப்பை, தண்ணீர்க் கான், புத்தகப் பெட்டி என்று பாரமானதையெல்லாம் அடுக்கி அதற்குள் இருங்கள். மேசைக்குக் கீழே இருப்பதென்றால் மேசைக்கு மேலும் வைக்கலாம், ஆனால் மேசை தாங்குமா என்று பார்த்துத்தான்.

பங்கரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எங்கள் வயதுக்காரர் எல்லாரும் அதற்குள் இருந்தவர்கள்தான். வாய் திறந்த 'எல்' வடிவக் கிடங்கு, மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. ஷெல் சிதறலுக்கு அது நல்ல காவல். கதிருக்கும் மண் நல்ல காவல்தான். மேலே தொண்ணூறு சென்ரிமீற்றர் மண் இருந்தாலே கதிர் ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆனால் இரண்டு வித்தியாசங்கள். வாசலால் தூசி உள்ளே விழாமல் படங்கு போட்டு மூட வேண்டும். ஷெல் நின்றதும் வெளியே வந்தது போல அரை மணித்தியாலத்தில் வெளியே வர முடியாது. அப்புறம், கரையோரத்தில் நாலடி தோண்டினாலே தண்ணீர் வரும் ஊர் இது. மாரியில் பங்கர் குளமாகிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் புதிதாகத் தோண்டுவதை விட நல்ல கட்டடம் ஒன்றைப் பார்த்து வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வெள்ளைச் சாம்பல்

தூசி என்றால் கண்ணுக்குத் தெரியாத மாயம் என்று நினைக்கிறோம். கிட்டத்தில் விழும் தூசி பல நேரம் கண்ணுக்கே தெரியும். கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் எங்கள் ஊர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. 1954 மார்ச் 1, பசிபிக் கடலில் பிக்கினித் தீவில் அமெரிக்கா பெரிய குண்டொன்றைச் சோதித்தது. நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், தடைசெய்த எல்லைக்கு வெளியே, ஜப்பானிய சூரைமீன் படகு ஒன்று 23 பேரோடு நின்றது. 'அதிர்ஷ்ட டிராகன்' என்பது அந்தப் படகின் பெயர். மேற்கில் சூரியன் உதித்தது போல வெளிச்சம். சில மணித்தியாலத்தில் வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் கொட்டியது. பொசுங்கிய பவளப் பாறையின் தூள் அது. அது என்னவென்று தெரியாமல் அதற்குள்ளேயே நின்று தூண்டில் கயிறு இழுத்தார்கள், கையால் அள்ளினார்கள், தலைமயிரில் ஒட்டியதோடு இரண்டு கிழமை கடலில் பயணம் செய்து கரைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் நோய் வந்தது. படகின் வானொலித் தொடர்பாளர் அந்த ஆண்டு செப்ரெம்பரில் இறந்தார்.

அவர்கள் உடனே உள்ளே போய், உடுப்பைக் கழற்றி, குளித்திருந்தால் உடம்பில் பட்ட அளவு எவ்வளவோ குறைந்திருக்கும். அதைத்தான் நாங்கள் செய்ய வேண்டும். வெளியிலிருந்து வருபவர் வாசலிலேயே செருப்பையும் வெளி உடுப்பையும் கழற்றட்டும். அதிலேயே பத்தில் ஒன்பது பங்குத் தூசி போய்விடும். சட்டையைத் தலைக்கு மேலால் உதறிக் கழற்ற வேண்டாம், மெதுவாகச் சுருட்டிக் கழற்றி, பொலித்தீன் பையில் கட்டி, ஆட்கள் இல்லாத மூலையில் வையுங்கள். சவர்க்காரம் போட்டுக் குளிக்கலாம். தோலை உரஞ்ச வேண்டாம். தலைக்கு ஷம்பு போடலாம், கண்டிஷனர் கூடாது, அது தூசியை மயிரோடு பிணைத்துவிடும். தேங்காய் எண்ணெயும் அன்றைக்கு வேண்டாம். தண்ணீர் இல்லையென்றால் ஈரத் துணியால் முகம், கை, காது மடல், மூக்கு நுனி துடைத்தாலும் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதிர் பட்டவர் தொற்றுநோயாளி இல்லை. உடுப்பு மாற்றிக் குளித்தவரைத் தொடலாம், பக்கத்தில் வைத்துச் சாப்பாடு கொடுக்கலாம். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தப்பியவர்களை வேலைக்கும் கலியாணத்துக்கும் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். அகதியாக அலைந்த எங்களுக்கு அந்த வலி தெரியும். வாசலுக்கு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

எத்தனை நாள் உள்ளே?

ஏழுக்குப் பத்து என்று ஒரு கணக்கு இருக்கிறது. வெடித்து ஒரு மணித்தியாலத்தில் கதிரின் கடுமை 1,000 என்று வைத்துக்கொண்டால், ஏழு மணித்தியாலத்தில் 100. அதன் ஏழு மடங்கு, அதாவது இரண்டு நாளில், 10. இரண்டு கிழமையில் 1. இந்தக் கணக்கு முழு ஊருக்கும் மனப்பாடமாக வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் பயத்துக்கு ஒரு முடிவுத் திகதியை இது கொடுக்கிறது. முதல் நாள்தான் மிகக் கடுமை. குறைந்தது 24 மணித்தியாலம் வெளியே வரவே வேண்டாம். வானொலி வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று நாள் இருங்கள். அதற்குப் பிறகும் சில நாட்களுக்கு, அவசியமானதற்கு மட்டும் கொஞ்ச நேரம் வெளியே போய் வாருங்கள்.

காற்றைப் பார்த்து முடிவெடுக்கலாமா என்று ஒரு மீனவ நண்பர் கேட்டார். தரையிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று என்றால் தூசி கடலுக்குப் போய்விடும், கடலிலிருந்து வரும் வாடை என்றால்தானே ஆபத்து என்பது அவர் கணக்கு. நல்ல கேள்விதான். ஆனால் குண்டின் புகை பல கிலோமீற்றர் உயரம் போகிறது, அங்கே அடிக்கும் காற்று கரையில் அடிக்கும் காற்றுக்கு எதிராகவும் இருக்கலாம். கச்சானை நம்பிக் கதவைத் திறக்க வேண்டாம்.

ஏறத்தாழ 390 கிலோமீற்றர் தூரத்தில் இந்தியாவின் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அணுமின் நிலைய விபத்தும் அணுகுண்டும் ஒன்றல்ல. ஆனால் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: உள்ளே போவது, அறிவித்தலுக்குக் காத்திருப்பது.

தண்ணீர், சாப்பாடு, மற்றவை

எங்கள் வெயிலில், விசிறி நிறுத்தி யன்னல் மூடிய அறையில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் வேண்டும். ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் 60 லீற்றர், அதாவது இருபது லீற்றர்க் கான் மூன்று. இரண்டு கிழமைக்கு என்றால் பதினான்கு கான். வீட்டில் மூடியுள்ள தண்ணீர்த் தாங்கி இருந்தால் அதுவே பெரிய சேமிப்பு, மூடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஏறிப் பாருங்கள். திறந்த கிணற்றைப் படங்கால் மூடிக் கயிறு போட்டுக் கட்டலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கதிர் போகாது. தூசி விழாமல் காப்பதுதான் வழி.

டப்பாவிலும் போத்தலிலும் அடைத்த சாப்பாடு எல்லாம் பாதுகாப்பானது, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். ரின்மீன், பிஸ்கட், அவல், கச்சான் கடலை, பேரீச்சம்பழம், கருவாடு, பால்மா, குழந்தைக்குச் சமபோஷ சத்துமா. முற்றத்துக் கீரையும் அன்றைய பாலும் அறிவித்தல் வரும் வரை வேண்டாம். மூடிய அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்போ கரி அடுப்போ எரிக்கக் கூடாது, அந்தப் புகை சத்தமில்லாமல் கொல்லும். காற்றே போகாதபடி ஒட்டுநாடா ஒட்டி அறையை அடைக்கவும் வேண்டாம். யன்னலைச் சாத்தி, இடைவெளியில் ஈரத்துணி வைத்தால் போதும். மலசலகூடம் வெளியே இருக்கும் வீடுகளில் மூடியுள்ள வாளி ஒன்றும், சாம்பலோ மணலோ ஒரு பையும் தேவை. சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் ஆட்கள் வெளியே ஓடுவது இதற்காகத்தான்.

மருந்து ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்க முடிந்தால் நல்லது, முக்கியமாகப் பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) ஐந்தாறு பக்கற் வையுங்கள். பற்றரியில் வேலை செய்யும் சின்ன ரேடியோ ஒன்று கட்டாயம். போன் வேலை செய்யாமல் போகலாம்.

அயடின் குளிசை பற்றி ஒரு வார்த்தை. அது தொண்டையில் உள்ள தைரொயிட் சுரப்பியை மட்டும் காக்கும், அதுவும் கதிர் அயடின் வந்தால் மட்டும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் அது முக்கியம். சுகாதாரப் பகுதியினர் சொன்னால் மட்டும் குடிக்க வேண்டும். 2011இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது சீனாவில் கடைகளில் உப்பு முழுக்க அள்ளிப் போனார்கள். அயடின் உப்பால் ஒரு பயனும் இல்லை. காயத்துக்குப் பூசும் அயடினைக் குடிப்பது ஆபத்து.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தால்

இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது நடந்தால், எடுக்கப் போக வேண்டாம். பள்ளிக்கூடத்தின் மாடிக் கட்டடம் உங்கள் ஓட்டு வீட்டை விடப் பாதுகாப்பானது. நீங்கள் போனால் நீங்களும் தூசியில், வரும் வழியில் பிள்ளையும் தூசியில். தங்கச்சி இதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, எந்தத் தாயால ஏலும்?" என்றாள். உடனே என்னாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு மூவரும் இருந்து பேசினோம். ஆசிரியரோடு உள்ளே இருப்பேன் என்று பிள்ளை சொன்னாள். ஒரு நாள் கழித்து, வானொலி சொன்ன பிறகு வருவேன் என்று தாய் சொன்னாள். இந்தப் பேச்சு முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அதிபரிடம் எந்த அறை என்று கேட்டு வையுங்கள்.

செய்திக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். வட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புவதற்கு முன், வானொலியிலோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இலோ உறுதி செய்யுங்கள். 1983 செப்ரெம்பர் 26 இரவு சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவின் திரையில் ஐந்து ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. கருவி பிழைத்திருக்கும் என்று நினைத்து அவர் பொறுத்தார். பிழைதான். முழு உலகத்தையும் பற்றிய செய்தியையே அவர் அப்படிப் பொறுத்துப் பார்த்தார் என்றால், சிவப்பு வட்டப் படத்தை நாங்களும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

தூரத்துச் சண்டையும் எங்கள் சோறும்

அதிகம் நடக்கக்கூடியது இதுதான் என்று முதலில் சொன்னேன். நகரங்கள் எரிந்த கரிப்புகை மேலே போய் வெயிலை மறைக்கும், மழை குறையும், விளைச்சல் விழும். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுச்சண்டை போட்டால் உலகம் முழுவதும் 200 கோடிக்கு மேற்பட்டவர்கள் பசியால் இறக்கக்கூடும் என்று 2022இல் 'நேச்சர் ஃபூட்' இதழில் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கோதுமை இங்கே விளைவதில்லை. சீனக்குடா ஆலையில் அரைபடும் மா கப்பலில் வந்த கோதுமை. கப்பல் நின்றால் பாண் நிற்கும்.

2022இல் இதன் சின்ன வடிவத்தைப் பார்த்தோம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. பால்மாவுக்கு வரிசை. அந்த நாட்களில் முற்றத்தில் மரவள்ளி நட்டிருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே அரிசியாக வாங்கி அடுக்குவதை விட, தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ தெரிந்தவர் இருந்தால் நெல்லாக வாங்கி வையுங்கள், நெல் நாள்பட இருக்கும். ஒடியல் காய வைத்து வையுங்கள். மரவள்ளி, வற்றாளை, முருங்கை நடுங்கள். விதை எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கிக் குவிக்க வேண்டாம், அது பக்கத்து வீட்டுக்காரரின் பங்கு. ஒவ்வொரு சம்பளத்துக்கும் கொஞ்சம் போதும்.

குண்டே இல்லாமல் செய்வதற்கும் சாதாரண மனிதர்களால் முடிந்தது இருக்கிறது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐ.நா. 1971இல் அறிவித்தபோது அதைக் கொண்டுவந்தது இலங்கை. அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2023 செப்ரெம்பரில் சேர்ந்தது. ஜப்பானில் குண்டுக்குத் தப்பியவர்களின் சங்கமான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. வயது போன அவர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்த் தங்கள் கதையைச் சொல்லியே அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று உங்கள் வாசிகசாலையில் அந்த மீன்படகின் கதையைச் சொல்லலாம். வாக்குக் கேட்டு வருபவரிடம், எங்கள் துறைமுகத்துக்குள் அணுவாயுதக் கப்பலை விடுவீர்களா என்று கேட்கலாம்.

எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழ் மூன்று கான், ஒரு தகரப்பெட்டி, ஒரு ரேடியோ இருக்கின்றன. சித்திரைக்கு முன் ஒரு தரமும், மாரி தொடங்க முன் ஐப்பசியில் ஒரு தரமும் மருமகள் தண்ணீரை மாற்றி, பற்றரியைப் பார்த்து, திகதியைப் பெட்டி மூடியில் எழுதுகிறாள். சென்ற முறை பெட்டிக்குள் தன் சின்னத் தம்பிக்கு ஒரு சீட்டுக்கட்டும் வைத்திருந்தாள்.